யார் செய்த பாவம்?

(வானொலி மறையுரை. தவக்காலம் நான்காம் ஞாயிறு, முதல் ஆண்டு. நற்செய்தி: யோவான் 9:1-41)



தவக்காலத்தின் நான்காம் ஞாயிறை மகிழ்ச்சியின் ஞாயிறு என்று திருஅவை அழைக்கிறது. பாதி வழியைக் கடந்துவிட்டோம், உயிர்ப்புப் பெருவிழா அருகில் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி அது. இன்றைய நற்செய்தியில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைச் சந்திக்கிறோம். ஆண்டவர் சேறு உண்டாக்கி அவர் கண்களில் பூசியதையும், சிலோவாம் குளத்தில் கழுவியதும் அவர் பார்வை பெற்றதையும் சிறு வயது முதலே கேட்டு வந்திருக்கிறோம். இன்று அந்தப் புதுமையை விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் நடந்த இரண்டு காரியங்களைத் தியானிப்போம். முன்னால் சீடர்கள் கேட்ட கேள்வி. பின்னால் பயந்து ஒதுங்கிய பெற்றோர்.

சீடர்கள் கேட்ட கேள்வி நமக்குப் புதிதல்ல. இவர் இப்படிப் பிறக்கக் காரணம் யார் செய்த பாவம்? இவருடையதா, இவருடைய பெற்றோருடையதா? நம் ஊரிலும் ஒரு வீட்டில் எதிர்பாராத ஒன்று நடந்தால் முதலில் எழுவது இந்தக் கேள்விதான். அம்மா கண்டிக்கவில்லையோ, அப்பா சரியில்லையோ, யாருடைய சாபமோ என்று பேசுகிறோம். ஆண்டவரோ அந்தக் கேள்விக்குள்ளேயே போக மறுத்துவிடுகிறார். இவருமல்ல, பெற்றோருமல்ல என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டு, அந்த மனிதருக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கிறார்.

இந்தக் கேள்வி நம் காலத்தில் எத்தனை குடும்பங்களை நொறுக்கியது என்பதற்கு ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். ஆலயத்தில் அதிகம் பேசப்படாத விஷயம் அது. தன்பாலீர்ப்பு உடையவர்களைப் பற்றியது. சிறுவர்கள் அருகில் இருந்தால் அஞ்ச வேண்டாம். அவர்கள் கேட்கக்கூடாத எதையும் நாம் சொல்லப் போவதில்லை.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஃபிராங்க் வொர்தன் என்ற வணிகர் இருந்தார். ஆண்கள் மேல் ஈர்ப்புக் கொண்டவராகப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1973ஆம் ஆண்டு மே 24 அன்று, தாம் விட்டு விலகிய கடவுள் தம்மைத் திரும்ப அழைப்பதாக அவர் உணர்ந்தார். அப்போது அவருக்கு வயது 44. சான் ரஃபேல் நகரில் இருந்த ஒரு சிறிய சுவிசேஷ சபையில் சேர்ந்தார். தம்மைப் போன்றவர்களுக்குத் தம் கதையைச் சொல்ல வேண்டும் என்று ஓர் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்தார். அந்தக் காலத்து மாற்றுப் பத்திரிகை ஒன்றில் விளம்பரமும் கொடுத்தார். கடிதங்கள் வரத் தொடங்கின. அதே ஆண்டில் ஜான் எவன்ஸ் என்ற நண்பரோடும், கென்ட் ஃபில்பாட் என்ற போதகரோடும் சேர்ந்து 'லவ் இன் ஆக்ஷன்' என்ற பணியைத் தொடங்கினார். 'செயலில் அன்பு' என்பது அதன் பொருள். கிறிஸ்துவின் வல்லமையால் தன்பாலீர்ப்பிலிருந்து மாறிவிடலாம் என்று கற்பித்த இயக்கத்தின் தொடக்கங்களில் இது ஒன்று.

வொர்தனைக் குறை சொல்லுவதற்கு முன் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்நாளில் இத்தகைய மனிதர்களுக்கு ஆலயக் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. வொர்தன் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். ஒன்றாகத் தங்கவும், உண்ணவும், செபிக்கவும் ஓர் இல்லம் அமைத்தார். தனிமையில் கிடந்தவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். கதவைத் திறந்தது நல்ல காரியம். உள்ளே வந்தவர்களிடம் கொடுத்த வாக்குறுதியில்தான் தவறு நேர்ந்தது. உண்மையாக நம்பினால், உண்மையாக முயன்றால், உன் உள்ளத்தின் ஈர்ப்பே மாறிவிடும் என்ற வாக்குறுதி அது. மாற்றம் ஒரே நாளில் வராது, வாழ்நாள் முழுவதும் நடக்கும் பயணம் என்று வொர்தனும் கற்பித்தார். ஆனாலும் வந்தவர்கள் எதிர்பார்த்தது மாற்றத்தைத்தான்.

1976இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் இப்படிப்பட்ட பல சிறு குழுக்களைச் சேர்ந்த ஏறக்குறைய 60 பேர் கூடினார்கள். வொர்தனும் அங்கே இருந்தார். 'எக்சோடஸ்' என்ற கூட்டமைப்பு பிறந்தது. நம் விவிலியத்தின் இரண்டாம் நூலின் பெயர், விடுதலைப் பயணம். எகிப்திலிருந்து புறப்படுகிறோம், வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குப் போகிறோம் என்ற நம்பிக்கை அந்தப் பெயரில் இருந்தது.

அந்தப் பயணத்தில் என்ன நடந்தது?

வொர்தனோடு சேர்ந்து பணியைத் தொடங்கிய ஜான் எவன்ஸின் நெருங்கிய நண்பர் ஒருவர் மாறுவதற்காகப் பாடுபட்டார். மாற முடியவில்லை. கடவுளை ஏமாற்றுகிறோம் என்ற வேதனையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எவன்ஸ் அந்தப் பணியை விட்டு விலகினார். பின்னாளில் அதை வெளிப்படையாகக் கண்டித்தும் பேசினார்.

எக்சோடஸ் உருவாகக் காரணமாயிருந்தவர்களில் மைக்கேல் பஸ்ஸி, கேரி கூப்பர் என்ற இருவர் உண்டு. இருவரும் பெண்களை மணந்தவர்கள். மாறிவிட்டோம் என்று ஊர் ஊராகச் சென்று சாட்சி சொன்னவர்கள். 1979இல் தாங்கள் மாறவில்லை என்பதை ஒப்புக்கொண்டு இருவரும் இயக்கத்தை விட்டு வெளியேறி ஒன்றாக வாழத் தொடங்கினார்கள். அவர்கள் வீடுகளில் கணவரை நம்பியிருந்த இரண்டு பெண்களை நாம் மறந்துவிடக் கூடாது. 2007இல் பஸ்ஸி, வேறு இரு முன்னாள் பொறுப்பாளர்களோடு சேர்ந்து, தங்களால் காயப்பட்டவர்களிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டார்.

கடைசியாக 2012 சனவரியில், எக்சோடஸின் அப்போதைய தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாம் சந்தித்தவர்களில் ஆயிரத்துக்கு 999 பேருக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்று சொன்னார். தம் நிலையும் அதுதான் என்று மறைக்காமல் சொன்னார். 2013 சூன் மாதம் மன்னிப்புக் கேட்டு அந்த அமைப்பையே மூடினார். 37 ஆண்டுகள். பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் நடந்த காலத்துக்கு மூன்று ஆண்டுகள்தான் குறைவு. அவர்கள் நாட்டைச் சென்றடைந்தார்கள். இவர்களில் மிகப் பலர் பாலைநிலத்திலேயே விழுந்தார்கள்.

வொர்தன் 1984இல் அனிட்டா என்ற பெண்ணை மணந்தார். இருவரும் 2017இல் அவர் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். அந்த அனிட்டாவே தன்பாலீர்ப்புடைய ஒரு மகனின் தாய். இப்படிப்பட்ட பிள்ளைகளின் குடும்பத்தாருக்காக 1996இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு நூலும் எழுதினார். அந்த வீட்டுக்குள்ளும் ஒரு தாயின் கண்ணீர் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறோம்.

இனி சீடர்களின் கேள்விக்கு வருவோம். அந்த இயக்கத்தில் பரவிய ஒரு விளக்கம் உண்டு. தந்தை பாசம் காட்டாமல் விலகி நின்றார், தாய் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டார், அதனால்தான் மகன் இப்படி ஆனான் என்பது அது. 1983இல் எலிசபெத் மோபர்லி என்ற இறையியலாளர் எழுதிய நூலும், சிறுவயதில் தன் பாலைச் சேர்ந்த பெற்றோரோடு உறவு முறிந்ததே காரணம் என்று சொன்னது. எத்தனையோ தகப்பன்மார் இதைக் கேட்டுக் கூனிக் குறுகிப் போனார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பக் கடன் வாங்கி, இரவும் பகலும் உழைத்த தகப்பனிடம் போய், நீ வீட்டில் இல்லாததால்தான் இப்படி என்றால் அவர் என்ன செய்வார்? யார் செய்த பாவம் என்ற பழைய கேள்விதான் உளவியல் உடை உடுத்திக்கொண்டு வந்தது.

நம் திருஅவை அந்த விளக்கத்தைப் போதனையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி, இந்த ஈர்ப்பு எப்படித் தோன்றுகிறது என்பது பெரும்பாலும் விளங்காமலே இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எண் 2357இல் அதைக் காணலாம். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அடுத்த எண்ணில், இவர்களை மரியாதையோடும் பரிவோடும் மென்மையோடும் ஏற்க வேண்டும், நியாயமற்ற பாகுபாட்டின் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது என்று கேட்கிறது. 1986இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடலும், இவர்கள் மேல் சொல்லாலும் செயலாலும் ஏவப்படும் வன்முறையைக் கண்டித்தது.

அதே மறைக்கல்வி, உடலுறவு ஆண், பெண் திருமணத்துக்கு உரியது என்றும், தன்பாலீர்ப்புடையவர்கள் கற்பு நெறிக்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும் போதிக்கிறது. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கற்பு நெறி நம் எல்லாரிடமும் அவரவர் நிலைக்கேற்பக் கேட்கப்படுகிறது. மணமானவரிடமும், மணமாகாதவரிடமும், கைம்பெண்ணிடமும், அருள்பணியாளரான நம்மிடமும் கேட்கப்படுகிறது. உன் ஈர்ப்பே மாறியாக வேண்டும் என்று திருஅவை எவரிடமும் கேட்கவில்லை. 1980இல் நியூயார்க் கர்தினால் டெரன்ஸ் குக் கேட்டுக்கொண்டதன்பேரில் அருள்தந்தை ஜான் ஹார்வி தொடங்கிய 'கரேஜ்' என்ற கத்தோலிக்கக் குழுவுக்கு ஐந்து இலக்குகள் உண்டு. கற்பு, செபம், தோழமை, ஒருவருக்கொருவர் ஆதரவு, நல்ல முன்மாதிரி. மாறிவிட வேண்டும் என்பது அந்த ஐந்தில் இல்லை.

கேட்கப்படாத ஒன்றைக் கேட்பதும், கொடுக்க முடியாத ஒன்றை ஆண்டவர் பெயரால் வாக்களிப்பதும் சுமக்க முடியாத சுமையை மனிதர் தோளில் ஏற்றுவதாகும். அப்படிச் செய்த சமயத் தலைவர்களை ஆண்டவர் எவ்வளவு கடிந்துகொண்டார் என்பதை அறிவோம்.

அன்பார்ந்தவர்களே, இது எங்கோ கலிபோர்னியாவில் நடந்த கதை என்று வானொலியை அணைத்துவிட வேண்டாம். 2021 சூன் 7 அன்று நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் ஆணை பிறப்பித்தார். இப்படிப்பட்டவர்களின் ஈர்ப்பைச் சிகிச்சையால் மாற்ற முயல்வதைத் தடை செய்தார். அந்த ஆணைக்கு முன், தமக்கு இதைப் பற்றிய புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து அவர் கற்றுக்கொண்டார். அந்தத் தாழ்ச்சி நமக்குப் பாடம். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய சிகிச்சை மருத்துவருக்குத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மருத்துவர் செய்யக்கூடாது என்றானதை, செபத்தின் பெயரால் நாம் செய்யலாமா?

இங்கே நாம் நம்மைப் பற்றியே ஒரு காரியத்தை அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, ஒரு தாய் தம் மகனைக் கூட்டிக்கொண்டு நம் அறைக்கு வந்தார். படிப்பை முடித்த பிள்ளை. பாடகர் குழுவில் பாடியவர். “சாமி, இவனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டமே இல்லையாம். என்னமோ சொல்றான். நீங்க ஜெபிச்சு மாத்திக் குடுங்க” என்று அழுதார். நாம் அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒன்பது செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியார் நவநாளுக்கு வரச் சொல்லுங்கள், நம்பிக்கையோடு செபித்தால் எல்லாம் மாறும் என்று சொன்னோம். தலையில் கை வைத்துச் செபித்தோம். பிறகு அந்தத் தாயைத் தனியே அழைத்து, ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னோம்.

ஒன்பது வாரமும் அந்தப் பிள்ளை வந்தார். முதல் வரிசையில் முழந்தாளிட்டிருந்தது இன்றும் நம் கண்ணில் நிற்கிறது. பத்தாவது வாரம் வரவில்லை. பெண் பார்க்கத் தொடங்கியதும் வெளியூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். ஆறு ஆண்டுகள் வீட்டுக்கு வரவில்லை.

தகப்பனார் இறந்தபோது வந்தார். அடக்கச் சடங்கு முடிந்து எல்லாரும் கலைந்தபின் கல்லறைத் தோட்ட வாசலில் தனியாக நின்றார். நாம் அருகில் போனோம். அவர் கோபப்படவில்லை. “சாமி, அந்த ஒன்பது செவ்வாயும் நான் உண்மையாத்தான் ஜெபிச்சேன்” என்றார். அவ்வளவுதான். அவருடைய நம்பிக்கை போதவில்லை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். அப்படி நினைக்க வைத்தது நாம். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். “அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்க சாமி” என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனார். இப்போது அவர் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக்கு வீட்டுக்கு வருகிறார். வந்தால் ஆலயத்துக்கும் வருகிறார். பின்வரிசையில்தான் உட்காருகிறார்.

தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி புனித பவுல் மூன்று முறை மன்றாடியதாக எழுதுகிறார். முள் எடுக்கப்படவில்லை. என் அருள் உனக்குப் போதும் என்ற பொருளில் ஆண்டவர் பதில் சொன்னார். பவுலின் நம்பிக்கை குறைவு என்று யாராவது சொல்வோமா? அந்த இளைஞருக்கு மட்டும் அப்படிச் சொன்னோமே!

நற்செய்தியில் வரும் பெற்றோரை இப்போது பாருங்கள். பரிசேயர் விசாரித்தபோது, இவன் எங்கள் மகன்தான், மற்றதை அவனிடமே கேளுங்கள், அவன் வயதுவந்தவன் என்று நழுவுகிறார்கள். காரணத்தை யோவானே சொல்கிறார். தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார்கள் என்ற பயம். ஊர் என்ன சொல்லும், சொந்தக்காரர் என்ன சொல்வார்கள், மற்றப் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையுமா என்ற பயம். அவர்கள் கொடியவர்கள் அல்ல. பயந்தவர்கள். அந்தப் பயத்தை அவர்களுக்குக் கொடுத்தது யார்? தொழுகைக்கூடம். இன்று நம் வீட்டுப் பெற்றோருக்கு அந்தப் பயத்தைக் கொடுப்பது நம் பங்காக இருக்கக் கூடாது.

முடிவில் அந்த மனிதரை வெளியே தள்ளிவிடுகிறார்கள். தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆண்டவர் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். உள்ளே இருந்தவர்களை விட்டு வெளியே நின்றவரைத் தேடிப் போகிறார். இன்றைய நற்செய்தியில் நமக்கு மிகுந்த ஆறுதல் தருவது இந்த இடமே.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக, பெற்றோரே, உங்கள் பிள்ளை இப்படி ஒன்றை உங்களிடம் சொன்னால், அன்று இரவு அந்தப் பிள்ளைக்குச் சோறு போடுங்கள். என்ன செய்வது என்று பிறகு யோசிக்கலாம். நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று கேட்காதீர்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியை மறுத்துவிட்டார். பிள்ளை மனமுடைந்து, வாழப் பிடிக்கவில்லை என்பது போலப் பேசினால், தனியே விடாதீர்கள், அன்றே நல்ல மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த ஈர்ப்பை மாற்றுவதற்காக அல்ல, அந்த உயிரைக் காப்பதற்காக.

இரண்டாவதாக, திருமணத்தை மருந்தாகக் கொடுக்காதீர்கள். அது அருளடையாளம். உண்மையை மறைத்து ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டவைத்தால், இரண்டு பிள்ளைகளின் வாழ்வைக் கெடுக்கிறோம். இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒன்றைச் சம்மதம் பெறுவதற்காகவே மறைத்து ஏமாற்றினால், அந்தத் திருமணம் செல்லாது என்று திருஅவைச் சட்டம் 1098 சொல்கிறது. இன்னொரு வீட்டுப் பெண்ணும் கடவுளின் பிள்ளையே.

மூன்றாவதாக, மாற்றிக் காட்டுகிறோம் என்று சொல்லும் எவரிடமும், அவர் செபக்குழுத் தலைவராக இருந்தாலும், அருள்பணியாளராகவே இருந்தாலும், பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். செபியுங்கள். நிச்சயமாகச் செபியுங்கள். இவனை மாற்று என்று கேட்பதற்குப் பதிலாக, இவனை நேசிக்க எங்களுக்கு வலிமை தா என்று செபியுங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் இளைஞரோ இளம் பெண்ணோ, இது என்னைப் பற்றியது என்று உணர்ந்தால், உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் செபம் பொய்யல்ல. உங்கள் நம்பிக்கை குறைவானதல்ல. திருமுழுக்கில் உங்களுக்குக் கிடைத்த இடத்தை யாரும் எடுத்துவிட முடியாது. பின்வரிசையில் உட்கார வேண்டிய தேவையும் இல்லை. ஒப்புரவுக்கோ, வெறுமனே பேசவோ நம்மிடம் வரலாம். இந்த முறை முதலில் நீங்கள் பேசுவதைக் கேட்போம்.

செபிப்போம். வெளியே தள்ளப்பட்டவரைத் தேடி வந்த ஆண்டவரே, குறை காணவே பழகிய எங்கள் கண்களைத் திறந்தருளும். பயந்திருக்கும் பெற்றோருக்குத் துணிவையும், வீட்டை விட்டுப் போன பிள்ளைகளுக்குத் திரும்பும் வழியையும், பொய் வாக்குக் கொடுத்த எங்களுக்கு மனவருத்தத்தையும் தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.